மலைநாட்டுக் கோச்சியில் நாம் செய்யும் தவறுகள்

இலங்கை மலைநாட்டில் ரயிலை நாங்கள் கோச்சி என்போம். ஹட்டனைத் தாண்டிக் கொட்டகலைப் பக்கம் ஏறும்போது, இறங்கி நடந்தால் கோச்சிக்கு முன்னால் போய்விடலாம் போலிருக்கும். 44 அடிக்கு ஓர் அடி உயருகிற பாதை. எஞ்சின் முக்கி முனகித்தான் போகும். நம்முடைய பாதித் தவறுகள் இந்த மெதுவோட்டத்தை நம்பித்தான் நடக்கின்றன. கோச்சி நகர்ந்த பிறகு தாவி ஏறுகிறோம், நிற்பதற்கு முன்பே குதிக்கிறோம், மிதிபலகையில் தொங்குகிறோம். சட்டம் இதில் எதையும் அனுமதிப்பதில்லை.

தொங்குவதுதான் பெரிய ஆபத்து. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே சிங்கமலைச் சுரங்கம் அரைக் கிலோமீட்டருக்கும் கூடுதலான நீளம், உள்ளே வளைவு வேறு. கோச்சி நுழைந்ததும் பொடியன்கள் 'ஹூ' என்று கத்துவார்கள். கத்தட்டும், தலை மட்டும் உள்ளே இருக்கட்டும். பெட்டிக்கும் சுவருக்கும் இடையே அதிக இடமில்லை. சுரங்கம் இல்லாத இடத்திலும் வெட்டிய பாறையும் சிக்னல் கம்பமும் பாதையை ஒட்டியே நிற்கின்றன. செல்ஃபிக்காகக் கையை நீட்டுகிறவர் கண் போனில் இருக்கும், கம்பத்தில் இருக்காது.

தண்டவாளத்தில் நடப்பதும் குற்றம்தான். ஆனால் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எங்களுக்கு அதுதான் பள்ளிக்கூடத்துக்குக் குறுக்குவழி. ரோட்டால் சுற்றிப் போனால் நேரம் இரட்டிப்பு. அதனால் 'நடக்காதீர்கள்' என்று சுலபமாகச் சொல்லிவிட எனக்கு வாய் வராது. ஒன்று மட்டும்: பனி மூடிய காலையில் வளைவைத் திரும்பி வரும் கோச்சி கிட்டே வந்த பிறகுதான் தெரியும், இறக்கத்தில் வருகிறதென்றால் எஞ்சின் சத்தமும் குறைவு. காதில் இயர்போனோடு மட்டும் நடக்காதீர்கள். எல்ல ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் பிடிக்கப் போகிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள், அது இன்றும் கோச்சி ஓடுகிற பாலம்.

இனி டிக்கெட். ஆசனப் பதிவு பயணத்துக்கு 30 நாள் முன்பே திறந்துவிடும். லீவு நாட்களில் பதுளைக் கோச்சிக்கு இடம் சீக்கிரமே முடிந்துவிடும். பதியும்போது கொடுத்த அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். மூன்றாம் வகுப்பு டிக்கெட்டோடு இரண்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டு, பரிசோதகர் வந்ததும் 'தெரியாதுங்க ஐயா' என்றால் தண்டப்பணம் குறையாது. இறங்கியதும் டிக்கெட்டைக் கசக்கி எறிபவர்களும் உண்டு. வெளிவாசலில் அதைக் கேட்பார்கள்.

கண்டிப் பக்கத்தார் செய்யும் தவறு ஒன்றை நானும் செய்திருக்கிறேன். ஹட்டனுக்குப் போக, கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் உடரட்ட மெனிக்கே கோச்சியைப் பிடிக்கலாமென்று, அக்கா கொடுத்த பலாப்பழத்தோடு கண்டி ஸ்டேஷனில் காத்திருந்தேன். அது கண்டிக்குள் வருவதில்லை. பேராதனைச் சந்தியோடு மலைக்குத் திரும்பிவிடும். பொடி மெனிக்கே என்ற இன்னொரு கோச்சிதான் கண்டிக்குள் வந்து, திசை மாறிப் போகும். அன்று பலாப்பழம் பஸ்ஸில்தான் ஊர் போய்ச் சேர்ந்தது. உங்கள் கோச்சி எந்த வழியால் போகிறது என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். மழைக்காலமென்றால் மண்சரிவால் பாதை மூடியிருக்கிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

சிகரெட், சாராயம் பற்றி விளக்கம் தேவையில்லை. இரண்டும் கோச்சியில் கூடாது. ஜன்னலால் போத்தல் எறிகிறவர்கள் கீழே கொழுந்து பறிக்கும் ஆட்கள் இருப்பதை ஒருதரம் எட்டிப் பார்க்க வேண்டும்.

அப்புறம், நடுவழி ஸ்டேஷனில் கோச்சி நெடுநேரம் நின்றால் எதிர்க் கோச்சிக்கு வழிவிடுகிறது என்று அர்த்தம். ஒற்றைப் பாதை அல்லவா. அப்போது தேத்தண்ணிக்கு இறங்குகிறவர்கள் மேடைப் பக்கமாகவே இறங்குங்கள். மறுபக்கம் எதிர்க் கோச்சி வரக்கூடும். குடித்துக்கொண்டே ஸ்டேஷன் ஆளின் கையையும் பாருங்கள். அவர் தோளில் ஒரு பெரிய வளையம் தொங்கும், ஒற்றைப் பாதையில் போகக் கோச்சிக்குக் கொடுக்கும் அனுமதி அதுதான். அது டிரைவர் கைக்குப் போய்விட்டால், மிச்சத் தேத்தண்ணியைக் கடையிலேயே விட்டுவிட்டு ஏற வேண்டியதுதான்.