அனுப்புநரின் அடையாளமும் நற்பெயரும்: குப்பை அஞ்சலை வடிகட்டும் முறை

மின்னஞ்சல் அனுப்புவதற்காக 1982இல் வகுக்கப்பட்ட எஸ்எம்டிபி நெறிமுறையின்படி, அனுப்புநர் என்ற இடத்தில் யாருடைய முகவரியையும் எவரும் எழுதிவிடலாம். ஆகவே சொந்தமாக அஞ்சல் வழங்கி (மின்னஞ்சலை வாங்கவும் அனுப்பவும் செய்யும் கணினி) நடத்துபவர், கடிதத்தைப் பிரித்துப் படிப்பதற்கு முன்பே அதைக் கொண்டுவந்தவர் யார் என்று விசாரிப்பது நல்லது.

முதல் விசாரணை, அனுப்பும் கணினியின் இணைய எண்ணான ஐபி முகவரியைப் பற்றியது. 192.0.2.10 என்ற முகவரியிலிருந்து இணைப்பு வந்தால், அதன் எண்களைத் தலைகீழாக்கி, குப்பை அஞ்சல் அனுப்பும் முகவரிகளைத் தொகுக்கும் ஸ்பேம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியலிடம், இணையப் பெயர்களுக்கு முகவரி தேடித்தரும் டிஎன்எஸ் வழியாகக் கேட்க வேண்டும். பட்டியலில் இருந்தால் 127.0.0.2 போன்ற ஒரு விடை வரும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பலரும் பகிர்ந்து பயன்படுத்தும் பொது டிஎன்எஸ் சேவை வழியாகக் கேட்டால் ஸ்பேம்ஹவுஸ் 127.255.255.254 என்ற பிழைக்குறியைத் திருப்பி அனுப்பும். எந்த விடை வந்தாலும் தடை என்று அமைத்திருப்பவருடைய வழங்கி, அதன்பின் நல்ல கடிதங்களையும் சேர்த்தே விரட்டிவிடும். எனவே அன்பவுண்ட் போன்ற ஒரு டிஎன்எஸ் மென்பொருளைச் சொந்தமாக நிறுவி, எந்தெந்த விடைகளுக்குத் தடை என்பதையும் வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.

அடுத்தது டொமைன், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர். அந்த டொமைனின் பெயரில் அஞ்சல் அனுப்ப அந்த ஐபிக்கு அனுமதி உண்டா என்று எஸ்பிஎஃப் என்ற சோதனை சொல்லும். டிகிம் என்ற சோதனை, கடிதத்தில் ஒரு டொமைன் இட்ட மின்னணுக் கையொப்பத்தைச் சரிபார்க்கும். இவற்றில் ஒன்றாவது, படிப்பவர் கண்ணில் படும் முகவரியின் டொமைனோடு பொருந்துகிறதா என்று டிமார்க் என்ற மூன்றாவது சோதனை பார்க்கும். எஸ்பிஎஃப் தவறியது என்பதற்காக மட்டும் கடிதத்தை நிராகரிக்காதீர்கள்: கல்லூரி முகவரிக்கு வந்த கடிதம் தானாகவே இன்னொரு பெட்டிக்குத் திருப்பிவிடப்படும்போது எஸ்பிஎஃப் பெரும்பாலும் முறியும், டிகிம் பெரும்பாலும் பிழைக்கும்.

இச்சோதனைகளில் தேறியதற்காக மதிப்பெண் கொடுப்பதும் தவறு, ஏனெனில் இன்று காலை டொமைன் வாங்கிய மோசடிக்காரரும் மாலைக்குள் மூன்றையும் ஒழுங்காக அமைத்துவிடுவார். அடையாளம் உறுதியானால், எந்தப் பெயருக்கு நற்பெயர்க் கணக்கு எழுதுவது என்பது தெரியும், அவ்வளவுதான். உங்கள் வங்கியை நம்பிக்கைப் பட்டியலில் சேர்ப்பதானால், வெறும் முகவரியை நம்பாமல், அந்த டொமைனின் செல்லுபடியாகும் டிகிம் கையொப்பம் இருந்தால் மட்டும் என்று நிபந்தனை வையுங்கள்.

போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் வழங்கி மென்பொருளின் வாயிற்காவலான போஸ்ட்ஸ்கிரீன், தடைப்பட்டியல் விடைகளைத் தொடக்கத்தில் பதிவேட்டில் குறிப்பதோடு நிறுத்திக்கொள்ளும். இரண்டு வாரம் அப்படியே விட்டுப் பதிவேட்டைப் படித்து, தெரிந்தவர்கள் யாரும் சிக்கவில்லை என்று கண்டபின் தடையை இயக்குங்கள். நிராகரிப்பதை இணைப்பு நீடிக்கும்போதே 550 என்ற மறுப்புக் குறியீட்டுடன் செய்துவிட வேண்டும். வாங்கி வைத்துப் பிறகு திருப்பி அனுப்பினால், முகவரி திருடப்பட்ட அப்பாவியின் பெட்டிதான் நிரம்பும்.