பீச் மரக் கதிரையை மாரிக்கு முன் கவனியுங்கள்

தமிழில் எழுதினால் கடற்கரையும் பீச்தான், பேணியில் வரும் பழமும் பீச்தான். நான் சொல்லப்போவது ஐரோப்பியக் காடுகளில் வளர்ந்து, குளிருக்கு முன் செம்பு நிறமாகி இலை கொட்டும் மரத்தைப் பற்றி. சுவிஸில் இருக்கும் சொந்தக்காரர் அனுப்பும் பெட்டிகளில் பிள்ளைகளின் கதிரை, அகப்பை, வெட்டுப்பலகை என்று இந்த மரம் மட்டக்களப்புக்கும் வந்துகொண்டிருக்கிறது.

முதலில் அது பீச்தானா என்று பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் வெளிர் மரத்தில் எள்ளுத் தூவியது போல 2, 3 மில்லிமீட்டர் நீளப் பழுப்புக் கீறுகள் தெரியும். ரப்பர் மரமும் கிட்டத்தட்ட இதே நிறம்தான், ஆனால் அதில் இந்தப் புள்ளிகளை விட நீளமான துவாரக் கோடுகள்தான் கண்ணில் படும்.

நல்ல வைரமான மரம், காய்ந்த பிறகும் ஒரு கன மீட்டர் 700 கிலோ அளவில் இருக்கும். நீராவியில் வேகவைத்தால் அழகாக வளையும், 1859இல் வியன்னாவின் தோனெட் கம்பனி வளைந்த பீச் கம்புகளால் செய்த கதிரை உலகம் முழுக்கப் போனது அதனால்தான். ஆனால் ஈரத்தையும் கறையானையும் எதிர்க்கும் சத்து இதற்கு அறவே இல்லை. பாலையையும் வேம்பையும் பழகிய நாம் அதே நம்பிக்கையில் இதை விறாந்தையில் போட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் போட்டேன், ஒரே மாரியில் நாலு காலும் அடியில் கறுத்துப்போயின, இன்னும் மனம் ஆறவில்லை.

ஆகவே ஐப்பசி மழை தொடங்குமுன், காய்ந்த நாளாகப் பார்த்து, 220 இலக்க சான்ட் பேப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்துவிட்டு வார்னிஷ் இரண்டு பூச்சுப் பூசுங்கள். முக்கியமான இடம் காலின் அடிப்பக்கம். மரம் தண்ணீர் குடிப்பது அந்த வெட்டுமுனையால்தான், அங்கே மூன்று பூச்சாகவே பூசி, காய்ந்ததும் ரப்பர் குமிழ் மாட்டிவிடுங்கள், வீடு கழுவும் தண்ணீர் தொடாது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் மரம் சுருங்கி மூட்டுகள் ஆடும். ஆணி அடிக்காதீர்கள், பிளந்துவிடும். திருகாணி என்றால் இறுக்குங்கள், பசை விட்டிருந்தால் ஓடாவியாரிடம் கொடுத்து ஒட்டுங்கள்.

வெட்டுப்பலகைக்கு வார்னிஷ் வேண்டாம். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்கு மணக்கும், பாமசியில் கிடைக்கும் லிக்விட் பரஃபின்தான் சரி. ஊறப்போடாமல் கழுவி, வெயிலில் போடாமல் நிழலில் நிமிர்த்தி வையுங்கள்.

அப்புறம், மாதம் ஒருமுறை கதிரையைக் கவிழ்த்துப் பாருங்கள். மாவு போலத் தூள் கொட்டியிருந்தால் உளு விழுந்துவிட்டது, அன்றைக்கே மற்ற மரச்சாமான்களிடமிருந்து பிரித்து வையுங்கள்.