கல்விக் கடன்: கையெழுத்து முதல் கடைசித் தவணை வரை

என் பொறியியல் படிப்புக்காக அப்பாவும் நானும் வங்கியில் கையெழுத்துப் போட்டபோது எங்கள் மனதில் இருந்தது ஒன்றுதான்: "வேலை கிடைத்ததும் கட்டிக்கலாம்." முதல் வருடக் கட்டணம் கல்லூரிக்குப் போன அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிட்டது என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை. படிப்பு முடிந்து கணக்கைப் பார்த்தபோது அப்பா வெகுநேரம் பேசவில்லை. இப்போது சேரப்போகிற பிள்ளைகளின் வீட்டில் அப்படி நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: கடன் கேட்கும் முன் கழித்துப் பாருங்கள்

குடும்பத்தில் நீங்கள்தான் முதல் பட்டதாரியா? கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் அந்தச் சான்றிதழுக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கான புதுமைப் பெண், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இதையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதற்கு மட்டும் கடன் கேளுங்கள். வங்கி 6 லட்சம் தரத் தயாராக இருக்கிறது என்பதற்காக 6 லட்சமும் வாங்க வேண்டியதில்லை.

படி 2: விண்ணப்பம்

வித்யாலட்சுமி இணையதளத்தில் பதிவு செய்யுங்கள், கிளைக்கும் நேரில் போங்கள். சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம், மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்று, பெற்றோரின் ஆதார், பான் இவை கையில் இருக்கட்டும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை நீங்கள் கைப்பணம் போட வேண்டாம், 7.5 லட்சம் வரை சொத்து அடமானமும் வேண்டாம். யாராவது வீட்டுப் பத்திரம் கேட்டால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

படி 3: வட்டியைப் படிக்கும்போதே கட்டுங்கள்

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். தவணைதான் வேண்டாம், வட்டி நிற்பதில்லை. அந்தக் காலத்தில் தனிவட்டியாக ஏறிக்கொண்டே போய், தவணை தொடங்கும்போது அசலோடு சேர்ந்துவிடும். அப்புறம் வட்டிக்கும் வட்டி.

ஒரு கணக்கு போடுவோம். வருடத்துக்கு 1 லட்சம் வீதம் நான்கு வருடம், வட்டி 10 சதவீதம். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000. அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000. ஆக 1,40,000. வாங்கியது 4 லட்சம், கட்டத் தொடங்கும்போது நிற்பது 5.4 லட்சம். பத்து வருடத்தில் அடைப்பதாக இருந்தால் மாதம் சுமார் 7,140 ரூபாய். வட்டியை அவ்வப்போது கட்டியிருந்தால் சுமார் 5,290 போதும்.

முதல் வருடம் அந்த வட்டி மாதம் 833 ரூபாய்தான். நான்காம் வருடம் 3,333 ஆகிவிடும், அது பல வீடுகளுக்குக் கஷ்டம்தான். முழுதாக முடியாவிட்டால் முடிந்ததைக் கட்டுங்கள். 500 ரூபாயும் கணக்கில் சேரும். இப்படி ஒழுங்காக வட்டி கட்டுவோருக்குப் பல வங்கிகள் வட்டி விகிதத்தில் 1 சதவீதம் குறைக்கின்றன. மேனேஜரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், தானாகச் சொல்ல மாட்டார்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்கல்வி படித்தால், படிப்புக் காலத்துக்கும் அதற்குப் பின் ஓராண்டுக்குமான வட்டியை மத்திய அரசே மானியமாகத் தரும் திட்டம் இருக்கிறது. உங்கள் கல்லூரி அதில் வருமா என்று சேரும் முன்பே விசாரித்து, தாசில்தார் தரும் வருமானச் சான்றைக் கடன் வாங்கும்போதே வங்கியில் கொடுத்துவிடுங்கள்.

படி 4: வேலைக்குப் போன பிறகு

15 வருடம் வரை அவகாசம் தருவார்கள். அதே 5.4 லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 5,800 ஆகக் குறையும், ஆனால் மொத்தமாகக் கட்டுவது பத்து வருடக் கணக்கைவிடக் கிட்டத்தட்ட 1.9 லட்சம் அதிகம். நீண்ட காலத்தையே எடுத்துக்கொண்டு, போனஸ் வரும்போதெல்லாம் அசலில் கட்டுவது எனக்குச் சரியாக வந்தது. பழைய வருமான வரிமுறையில் இருப்பவர்கள் கட்டும் வட்டி முழுவதையும் எட்டு வருடம் வரை, வரி போடும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம்.

வேலை கிடைக்கவில்லையா? போனை எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வாராக்கடன். கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று வங்கிகள் பார்க்கும் உங்கள் சிபில் மதிப்பெண்ணோடு, கூடக் கையெழுத்துப் போட்ட அப்பா அம்மாவுடையதும் விழும்; நாளைக்குத் தங்கைக்குக் கடன் கேட்கும்போது அது வந்து நிற்கும். முதல் தவணை தவறும் முன்பே கிளைக்குப் போய், தவணையைத் திருத்தித் தரக் கேட்டு எழுதிக் கொடுங்கள். கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசித் தவணை கட்டியதும் நிலுவை இல்லை என்ற சான்றிதழை வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து, கடன் முடிந்ததாக சிபில் அறிக்கையில் ஏறியிருக்கிறதா என்று உங்கள் பெயரிலும் பெற்றோர் பெயரிலும் பார்த்துவிடுங்கள்.