எக்செல்லில் ஷீட் டேப்கள் மறைகிறதா?

மன்னார்குடி உரக்கடையில் ஊருக்கு ஒரு ஷீட் என்று கணக்கு வைத்திருக்கிறோம், கீழே ஐந்தாறு டேப்தான் தெரியும், மிச்சத்துக்கு அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். டேப்களுக்கும் ஸ்க்ரோல் பாருக்கும் நடுவில் மூன்று புள்ளி இருக்கும் பாருங்கள், அதைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தால் போதும், இடம் தாராளம். பெயர் நீண்டால் டேப்பும் அகலும். 31 எழுத்து வரை விடும் என்பதற்காக ‘வடுவூர் குறுவை உரக் கணக்கு’ என்று நீட்டாதீர்கள், ‘வடுவூர்’ போதும்.

பருவத்தை நிறம் சொல்லட்டும். கன்ட்ரோலை அழுத்தியபடி குறுவை டேப்களைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக், ‘டேப் கலர்’, பச்சை. சம்பாவுக்கு மஞ்சள், தாளடிக்கு ஆரஞ்சு. அப்புறம், தேர்ந்தெடுக்காத வேறொரு டேப்பைக் கட்டாயம் ஒருமுறை தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு ஷீட்டில் அடிக்கும் யூரியா மூட்டைக் கணக்கு அத்தனை ஷீட்டிலும் ஏறிவிடும்.