மூன்று சீட்டு பிராக்: எப்போது கட்டுவது, எப்போது விலகுவது

பிரிட்டனின் பழைய பந்தயச் சீட்டாட்டங்களில் பிராக்குக்குத் தனி இடம் உண்டு. பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆடப்பட்ட பிரிமேரோ என்ற சீட்டாட்டத்தின் வழியில் வந்த இந்த ஆட்டத்திற்கு, சீட்டாட்ட விதிகளைத் தொகுத்துப் புகழ்பெற்ற எட்மண்ட் ஹோய்ல் 1751-இல் தனியாக ஒரு கையேடே எழுதினார். பழைய பிராக்கில் சில ஜாக்கிகளும் ஒன்பதுகளும் ஜோக்கராகப் பயன்பட்டன. இன்று பரவலாக ஆடப்படும் மூன்று சீட்டு பிராக் பெரும்பாலும் ஜோக்கர் இல்லாமலே ஆடப்படுகிறது. ஆங்கிலேயர் வழியாக இந்தியாவுக்கு வந்து தீன் பத்தியாக உருமாறியதும் இந்த ஆட்டம்தான் என்பதால், மூணு சீட்டு ஆடிப் பழகியவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

தொடக்கநிலையினர் பெரும்பாலும் எந்தக் கை பெரியது என்பதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு ஆட உட்கார்ந்துவிடுகிறார்கள். பிராக்கில் பணம் போவது சிறிய கையால் அல்ல, நடுத்தரமான கையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றிலும் முழுத்தொகையைக் கட்டிக்கொண்டே இருப்பதால்தான். எனவே விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, கட்டும் முறையை விரிவாக விளக்குகிறேன். கணக்கு முழுவதும் ‘காசு’ என்ற அலகில் இருக்கும். பழகுவதற்குப் புளியங்கொட்டையோ சோழியோ போதும்.

முதல் படி: உட்காரும் முன் பேசிக்கொள்வது

நான்கு முதல் எட்டுப் பேர் வரை வசதியாக ஆடலாம். ஆளுக்கு எவ்வளவு நுழைவுத்தொகை, ஒரு முறைக்கு அதிகபட்சம் எவ்வளவு கட்டலாம், பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்காமலே, ஆட அனுமதி உண்டா, காசு தீர்ந்தவரின் நிலை என்ன என்பவற்றைச் சீட்டு போடும் முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். பிராக்கின் விதிகள் வீட்டுக்கு வீடு மாறக்கூடியவை. பணம் நடுவில் குவிந்த பிறகு விதியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அது எப்போதும் யாரோ ஒருவருக்குச் சாதகமாகவே முடியும். அதிகபட்சத் தொகையை விட்டுவிடாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். காரணம் பின்னால் தெரியும்.

பிரிட்டனில் 2005-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டப்படி, பங்கேற்பதற்குக் கட்டணம் எதுவும் வாங்காமல் வீட்டுக்குள் தனிப்பட்ட முறையில் ஆடுவதற்குத் தடையில்லை. மற்ற இடங்களில் சட்டம் வேறாக இருக்கும்; அதைத் தெரிந்துகொள்ளாமல் பணம் வைத்து ஆடக் கூடாது.

இரண்டாம் படி: கைகளின் வரிசை

ஒவ்வொருவரும் நுழைவுத்தொகையை நடுவில் வைத்ததும், சீட்டு போடுபவர் தம் இடப்பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக ஆளுக்கு மூன்று சீட்டுகளைக் கவிழ்த்துப் போடுவார்.

மூன்று சீட்டும் ஒரே மதிப்பாக இருந்தால் அது பிரையல், அதுதான் உச்சம். பிரையல்களில் முதலிடம் மூன்று ஏஸுக்கு அல்ல, மூன்று மூன்றுகளுக்கு. அதற்குப் பிறகே ஏஸ், ராஜா, ராணி என்று இறங்கி இரண்டில் முடியும். அடுத்தது ஒரே இனத்தில் தொடர்ச்சியாக வரும் ரன்னிங் ஃபிளஷ், அதற்கடுத்தது இனம் கலந்த தொடர்ச்சியான ரன். இவை இரண்டிலும் ஏஸ்-2-3 தான் பெரியது, ஏஸ்-ராஜா-ராணி இரண்டாவது. பிறகு ஒரே இனத்தில் மூன்று சீட்டு வரும் ஃபிளஷ், அதன்பின் ஜோடி, எதுவும் இல்லையென்றால் பெரிய சீட்டு. இனங்களுக்குள் ஏற்றத்தாழ்வு கிடையாது. இஸ்பேட்டும் ஆட்டினும் சமம்.

52 சீட்டிலிருந்து மூன்றை எடுத்தால் 22,100 விதமான கைகள் அமையும். அவற்றில் பிரையல் 52, ரன்னிங் ஃபிளஷ் 48, ரன் 720, ஃபிளஷ் 1,096, ஜோடி 3,744. எஞ்சிய 16,440 கைகளில் ஒன்றுமே இல்லை. ரன்னிங் ஃபிளஷ் பிரையலைவிட அரிதாக இருந்தும் அதற்குக் கீழே வைக்கப்பட்டிருப்பது கணக்குப்படி சரியில்லைதான், ஆனால் மரபு அப்படியே நிலைத்துவிட்டது. தொடக்கநிலையினர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: நான்கில் மூன்று கைகளில் ஜோடிகூட இருக்காது. ஏஸ் உள்ள கையோ அதைவிடப் பெரியதோ வருவது 43 விழுக்காடு. ராஜா தலைமையில் இருக்கும் கை ஏறத்தாழ நடுவில் நிற்கிறது. அதற்குக் கீழ்ப்பட்டதை வைத்துக்கொண்டு கட்டுவது வெறும் மிரட்டல்தான்.

மூன்றாம் படி: கட்டும் முறை

பிராக்கின் உயிர் இங்கே இருக்கிறது. சீட்டு போட்டவரின் இடப்பக்கத்தவர் முதலில் கட்டுவார் அல்லது விலகுவார். அவருக்கு அடுத்தவர், முந்தையவர் கட்டிய தொகையையோ அதற்கு மேலோ கட்ட வேண்டும். முடியாது என்றால் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட வேண்டும். போக்கரில் ஒருவர் ஏற்கெனவே வைத்ததைக் கழித்துக்கொண்டு வித்தியாசத்தை மட்டும் வைத்தால் போதும், எல்லோரும் சமமானதும் அந்தச் சுற்றும் முடிந்துவிடும். பிராக்கில் இந்தச் சமன் செய்தல் கிடையாது. உங்கள் முறை வரும்போதெல்லாம் முழுத்தொகை. யாரும் ஏற்றாவிட்டாலும் அடுத்த சுற்றிலும் அதே முழுத்தொகை.

இருவர் மட்டும் எஞ்சும்போதுதான் ஆட்டத்தை முடிக்க வழி திறக்கும். முந்தையவர் கட்டியதைப் போல் இரு மடங்கு கட்டி ஷோ கேட்கலாம். கேட்கப்பட்டவர் முதலில் சீட்டைத் திறப்பார். கேட்டவரின் கை பெரியதாக இருந்தால் அவர் காட்டி வெல்வார். இல்லையென்றால் காட்டாமலே கவிழ்த்துவிடலாம். இரண்டும் சமமாக இருந்தால் ஷோ கேட்டவருக்குத் தோல்வி.

சீட்டைப் பார்க்காமல் பிளைண்ட் ஆடுபவர், பார்த்து ஆடுபவர் கட்ட வேண்டியதில் பாதியைக் கட்டினால் போதும். பிளைண்டில் ஒருவர் 1 காசு கட்டினால், அடுத்து வரும் பார்த்து ஆடுபவர் குறைந்தது 2 காசு கட்ட வேண்டும். பார்த்து ஆடுபவர் பிளைண்டில் இருப்பவரிடம் ஷோ கேட்கவே முடியாது. தொடர்ந்து கட்டலாம் அல்லது விலகலாம், அவ்வளவுதான்.

நான்காம் படி: ஒரு கையை முழுவதும் பார்ப்போம்

வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என நால்வர். வடக்கு சீட்டு போடுகிறார். நுழைவுத்தொகை ஆளுக்கு 1 காசு, நடுவில் 4.

கிழக்கிடம் இரண்டு எட்டுகள், 2 காசு கட்டுகிறார். தெற்கு பிளைண்டில் 1 வைக்கிறார். மேற்கு ராஜா-9-4 என்ற கையைப் பார்த்துவிட்டு விலகுகிறார். வடக்கிடம் ஆட்டினில் ராணி-10-5 என ஃபிளஷ், 4-ஆக ஏற்றுகிறார். நடுவில் இப்போது 11.

கிழக்கு நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. ‘ஏற்கெனவே 2 வைத்தேன், இன்னும் 2 தானே’ என்ற நினைப்புக்கு பிராக்கில் இடமில்லை. அவர் வைக்க வேண்டியது 4. அதை வைத்த பிறகும் மூவர் இருப்பதால் ஷோ கேட்க முடியாது. யாரும் விலகாவிட்டால் அடுத்த சுற்றில் மறுபடியும் 4. இந்த ஆட்டத்தில் கிழக்கு 4 கட்டுகிறார், தெற்கு 2, வடக்கு 4, நடுவில் 21. மறுபடி 4 என்று வந்ததும் கிழக்கு விலகிவிடுகிறார். நுழைவுத்தொகையோடு சேர்த்து அவருக்குப் போனது 7 காசு. ஏற்றியபோதே விலகியிருந்தால் 3 காசோடு முடிந்திருக்கும். இரண்டு சுற்றுக்குத் தாங்கும் எண்ணம் இல்லாதவர் முதல் 4 காசைக் கட்டியிருக்கக் கூடாது.

தெற்கு பிளைண்டில் 2, வடக்கு 4, நடுவில் 27. இப்போது தெற்கு சீட்டைப் பார்க்கிறார்: இரண்டு பத்துகள், ஒரு ராஜா. பார்த்துவிட்டதால் தொடர 4, ஷோ கேட்க 8. 27-ஐப் பெற 8 கட்டுவது என்றால், 35-இல் 8 பங்கு, அதாவது சுமார் 23 விழுக்காடு வெற்றி வாய்ப்பு இருந்தாலே போதும். வடக்கு மிரட்டக்கூடியவர் என்றோ சிறிய ஜோடியிலும் கட்டுபவர் என்றோ தெரிந்திருந்தால் கேட்கலாம். கல்லைப் போல நல்ல கையில் மட்டுமே கட்டுபவர் என்றால் விலகுவதே சரி. தெற்கு ஷோ கேட்கிறார், வடக்கு ஃபிளஷைத் திறக்கிறார், தெற்கு தம் ஜோடியைக் காட்டாமலே கவிழ்க்கிறார்.

பிளைண்டை எதிர்கொள்வது

நீங்கள் பார்த்து ஆடுகிறீர்கள், எதிரே ஒரே ஒருவர் பிளைண்டில் இருக்கிறார் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் அவருடைய 1 காசுக்கு நீங்கள் 2 வைக்கிறீர்கள். ஆகவே தொடர்ந்து கட்டுவது லாபமாக வேண்டுமானால் வெற்றி வாய்ப்பு மூன்றில் இரண்டுக்கு மேல் இருக்க வேண்டும். ஏஸும் ராணியும் சேர்ந்த கை, எந்தச் சீட்டு என்றே தெரியாத எதிர்க்கையை ஏறத்தாழ 69 விழுக்காடு வெல்லும் என்பதால் எல்லைக்கோடு அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் எதிராளி எப்போது வேண்டுமானாலும் சீட்டைப் பார்த்து, மோசமாக இருந்தால் விலகி, நன்றாக இருந்தால் ஏற்றுவார்; அதனால் நான் ஜோடிக்குக் குறைந்த கையில் பிளைண்டைத் துரத்த மாட்டேன்.

பிளைண்ட் ஆடுபவருக்கும் ஓர் எச்சரிக்கை. பாதி விலை என்பது பலர் பார்த்துவிட்டுத் துணிந்து கட்டும் மேசையில் லாபமாகாது. எதிரே மூவர் இருந்தால் அவர்களில் ஒருவரிடமாவது ஜோடியோ அதற்கு மேலோ இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 59 விழுக்காடு. முதல் ஓரிரு சுற்றுக்கு பிளைண்டில் இருந்து மற்றவர்களை இரட்டிப்பாகக் கட்ட வைத்து, இருவர் விலகாமல் நிற்பது தெரிந்ததும் சீட்டைப் பார்த்துவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: கலைக்காத சீட்டுக்கட்டை நினைவில் வைப்பது

மரபான பிராக்கில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கட்டைக் கலைப்பதில்லை. விலகியவர்களின் சீட்டும், முடிந்த ஆட்டத்தின் சீட்டும் கட்டின் அடியில் போகும். ஷோவில் பிரையல் வென்றால் மட்டுமே கலைப்பார்கள். நால்வர் ஆடினால் ஓர் ஆட்டத்துக்கு 12 சீட்டு. முதல் ஆட்டத்தில் திறந்து காட்டப்பட்ட சீட்டுகள் அடுத்த மூன்று ஆட்டங்களுக்கு யார் கையிலும் வராது. ஷோவில் இரண்டு ஏஸ் தெரிந்திருந்தால், அந்த மூன்று ஆட்டங்களில் ஏஸ் பிரையல் வர வழியே இல்லை, ஏஸ் ஜோடி வருவதும் மிக அரிது. அப்போது உங்கள் ராஜா ஜோடிக்கு மதிப்பு கூடுகிறது. இப்படி நினைவில் வைப்பது முழுக்க நேர்மையான திறமை.

நேர்மையற்றது எங்கே தொடங்குகிறது என்றால், காட்டப்படாத சீட்டைத் தெரிந்துகொள்வதில். அடியில் செல்லும் சீட்டை நுனி தூக்கிப் பார்ப்பவர் ஓர் ஆட்டத்தை மட்டும் கெடுப்பதில்லை. கட்டு கலைக்கப்படாததால் பின்வரும் ஆட்டங்களிலும் அந்த அறிவு அவரிடம் இருக்கும். ஆகவே விலகுபவர் மூன்று சீட்டையும் சேர்த்துக் கவிழ்த்துக் கொடுக்க வேண்டும், சீட்டு போடுபவர் மேசைக்கு மேலே எல்லோரும் பார்க்கும்படி அவற்றை அடியில் வைக்க வேண்டும். விலகியபின் ‘நான் ஒரு ஏஸைப் போட்டுவிட்டேன்’ என்று புலம்புவதும் தவறே. விளையாட்டாகச் சொன்னாலும் எஞ்சியிருப்பவர்களில் ஒருவருக்கு அது பணமாகிறது. முறை வரும் முன் விலகுவதும் அப்படித்தான்.

எல்லாவற்றிலும் மோசமானது கூட்டுச் சேர்தல். மூவர் எஞ்சியிருக்கும் வரை ஷோ கேட்க முடியாது என்ற விதியைப் பயன்படுத்தி, இருவர் மாறி மாறி ஏற்றிக்கொண்டே போனால், நடுவில் மாட்டிக்கொண்டவர் நல்ல கையோடு இருந்தும் கட்டிக் கட்டிக் களைத்து விலகிவிடுவார். பணத்தைப் பிறகு அந்த இருவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். அதிகபட்சத் தொகையை முன்பே வரையறுக்கச் சொன்னதன் காரணம் இதுவே. ஒரே பணப்பையில் ஆடும் இருவர், கணவன் மனைவியாக இருந்தாலும் நண்பர்களாக இருந்தாலும், அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஒரே ஆட்டத்தில் இருவரும் எஞ்சும்போது ஏற்றாமல் ஆடுவது முறை.

காசு தீர்ந்தவரைப் பணபலத்தால் விரட்டுவதையும் மரபு தடுக்கிறது. கையில் எஞ்சியதை நடுவில் வைத்து, தம் மூன்று சீட்டையும் அதன்மேல் கவிழ்த்து மூடிவிடலாம். மற்றவர்கள் பக்கத்தில் புதிய குவியல் தொடங்கி ஆடுவார்கள். அதில் வென்றவரின் கையை மூடிய கையோடு ஒப்பிட்டு, பெரியவருக்கு முதல் குவியல் போகும். அந்த ஆட்டம் முடியும்வரை அவருக்குக் கடன் கொடுக்க வேண்டாம், அவரும் கேட்க வேண்டாம்.

முதன்முறை ஆடுபவர்கள் இருக்கும் மேசையில் பிளைண்ட் இல்லாமல், நுழைவுத்தொகை 1, அதிகபட்சம் 4 என்று வைத்துக்கொண்டு கட்டு ஒருமுறை முழுவதும் சுற்றி வரும்வரை ஆடுங்கள். ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் அவரவர் அந்த ஆட்டத்தில் மொத்தம் எவ்வளவு கட்டினார் என்பதைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். பிளைண்டை அதற்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.