மாடி மழையைக் கிணற்றில் சேர்க்கும் முறை

மதுரையில் கண்மாய்கள் பல வீட்டுமனைகளாகிவிட்டதால், மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் பொறுப்பில் ஒரு பங்கு ஒவ்வொரு வீட்டு மொட்டைமாடிக்கும் வந்திருக்கிறது. தமிழக அரசு 2003இல் கட்டாயமாக்கிய மழைநீர்ச் சேகரிப்பை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, அதாவது செப்டம்பருக்குள், சீர்செய்துவிடுங்கள்.

மாடியைக் கழுவி, இறங்கு குழாய்கள் அனைத்தையும் ஒன்றாக இணைத்து, முதல் மழையின் அழுக்கு நீரை வெளியேற்றத் திருகுமூடியுடன் ஒரு கிளைக்குழாய் வையுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான், கிணற்று நீர் கெடுவதும் இதனால்தான். அடியில் பெருஜல்லி, நடுவில் சிறுஜல்லி, மேலே மணல் என நிரப்பிய வடிகட்டும் தொட்டியைக் கடந்தே நீர் கிணற்றுக்குள் இறங்க வேண்டும். மேல்மணலை ஆண்டுதோறும் அலசுங்கள்.

1000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர் விழும். வண்டியூர்த் தெப்பக்குளத்தில் வைகை நீர் நிறையும்போது சுற்றுப்புறக் கிணறுகளில் நீர் ஏறுவதை அங்கே குடியிருப்போர் அறிவார்கள். வீட்டுக் கிணற்றிலும் நடப்பது அதேதான்.