காரைத் தாழ்த்தப் போகிறீர்களா? வேலூர்ச் சாலைகளில் ஸ்பிரிங், ஷாக் தேர்வில் நடக்கும் தவறுகள்

காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் விர்டஸ், ஸ்லாவியா, பழைய போலோ ஜிடி வைத்திருக்கும் தம்பிகளிடம் பேச்சு கொடுத்தால் முதலில் வரும் கேள்வி இதுதான்: "அண்ணே, எவ்வளவு இறக்கலாம்?" டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் நான்கு விரல் நுழைகிறதாம், அது கண்ணை உறுத்துகிறதாம். வண்டி தாழ்ந்து நின்றால் அழகுதான், அதில் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் ஸ்பிரிங் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய அளவு வேறு. தாழ்த்திய பிறகு, ஒரு பள்ளத்தில் அடி விழும்போது சக்கரம் மேலே ஏற எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்? பட்டறைகளில் இதை டிராவல் என்பார்கள். இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் டிராவலைக் கணக்கில் எடுக்காததால் வருபவை.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். நிற்கும் நிலையிலிருந்து முன்சக்கரம் மேலே போக 75 மி.மீ. இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 மி.மீ. தாழ்த்தினால் மிச்சம் 40. ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் ஆற்றல் அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே அடியை 40 மி.மீ.க்குள் ஸ்பிரிங் மட்டுமே தாங்க வேண்டுமென்றால் அது சுமார் மூன்றரை மடங்கு கடினமாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் லோயரிங் ஸ்பிரிங்கோ பெரும்பாலும் கால் பங்கு, மிஞ்சினால் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் கடினம் கூட்டியிருக்கும். மீதி அடியெல்லாம் பம்ப் ஸ்டாப் என்கிற அந்தச் சின்ன நுரை ரப்பர் மேல் விழும். தாழ்த்திய கார் மேம்பால இணைப்புகளில் 'டங் டங்' என்று இடித்துக்கொண்டு போவது ஸ்பிரிங் கடினமானதால் என்று பலர் நினைக்கிறார்கள். பல நேரம் ஸ்பிரிங் வேலை முடிந்து ரப்பரில் உட்கார்ந்துகொண்டுதான் வண்டி ஓடுகிறது. அதைவிட மோசம், வளைவின் நடுவில் வெளிப்பக்க முன்சக்கரம் ரப்பரைத் தொட்டால் அந்த மூலை சட்டென்று கட்டையாகிவிடும், டயர் பிடி விடும். ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இப்படி நடந்தால் ஸ்டியரிங் திருப்பியும் மூக்கு வெளியே ஓடும்.

தாழ்த்தும் ஸ்பிரிங்குக்கு ஒத்துப் போகிற ஷாக், அதாவது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் எண்ணெய்க் குழாய், வேண்டும். கம்பெனி ஷாக்கை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் சிக்கனம். கம்பெனி ஷாக் கம்பெனி ஸ்பிரிங்கின் கடினத்துக்கும் உயரத்துக்கும் அளந்து செய்தது. கடினமான ஸ்பிரிங் திரும்பி விரியும் வேகத்தை அதனால் முழுதாக அடக்க முடியாது, நெடுஞ்சாலையில் வண்டி குதித்துக்கொண்டே போகும். உள்ளே பிஸ்டனும் எப்போதும் கீழ்ப்பகுதியிலேயே உழைக்கும். புது வண்டியில் இது சில மாதம் தெரியாது. அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய ஷாக்கில் முதல் வாரமே தெரியும்.

நல்ல ஷாக் வாங்குகிறவர்களும் ஒரு இடத்தில் சறுக்குகிறார்கள். பில்ஸ்டைன் பிராண்ட் ஷாக்குகளில் பி6 என்பது கம்பெனி உயரத்துக்கானது. பி8 என்பது தாழ்த்திய வண்டிக்கென்று நீளம் குறைத்தது. அந்த பி8ஐயும் ஐபாக் பிராண்டின் ப்ரோ-கிட் என்கிற தாழ்த்தும் ஸ்பிரிங்கையும் சேர்த்துத்தான் பி12 என்று ஒரே பெட்டியில் விற்கிறார்கள். 'விலை கொஞ்சம் கம்மியாக வந்தது' என்று பி6ஐயும் தாழ்ந்த ஸ்பிரிங்கையும் தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கோனி மஞ்சள் ஷாக்கில் திருகிக் கூட்டுவது விரியும் பக்கத்தை மட்டும்தான், அமுங்கும் பக்கம் அதில் மாறாது. அதனால் பள்ளத்தில் இடிக்கிறது என்று அதை முழுக்க இறுக்கினால் நிலைமை மோசமாகும். வரிசையான மேடுபள்ளத்தில் சக்கரம் கீழே திரும்ப நேரம் கிடைக்காமல் வண்டி படிப்படியாக இன்னும் தாழ்ந்துகொண்டே போகும்.

அப்புறம், பெட்டியில் '30 மி.மீ.' என்று போட்டிருந்தால் 30 மி.மீ. இறங்கும் என்று நம்பிவிடக்கூடாது. ஐரோப்பியக் கிட் ஐரோப்பியக் காரின் உயரத்தை வைத்து எழுதியது. நம் நாட்டுக்கு வரும்போது பல மாடல்களைக் கம்பெனியே உயர்த்தித்தான் அனுப்புகிறது. அதே ஸ்பிரிங் இங்கே போட்டால் பெட்டியில் எழுதியதைவிட அதிகமாக இறங்கலாம். டீசல் எஞ்சினுக்கும் பெட்ரோல் எஞ்சினுக்கும் முன்பக்க எடை வேறு, அதற்குத் தகுந்தாற்போல் ஸ்பிரிங் எண்ணும் வேறு. கிட்டோடு வரும் தாளில் முன், பின் அச்சு எடை வரம்பு எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் 'இது எல்லா போலோவுக்கும் போகும்' என்று சொல்லும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

கம்பெனி ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டிவிடுவது இன்னும் நடக்கிறது என்பதே ஆச்சரியம். உழைக்கும் சுற்று ஆறு இருந்தால், ஒன்றை வெட்டினதும் கடினம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். அது பரவாயில்லை என்றே வைத்துக்கொள்வோம். வெட்டிய முனை இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து நகர்ந்துவிடும். கேஸ் வைத்துச் சூடாக்கி அமுக்குவது அதைவிடக் கேடு, இரும்பின் பதமே போய்விடும். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. செய்யாதீர்கள்.

ஸ்பீடு பிரேக்கர் கணக்கு

தாழ்த்த நினைக்கும் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான், ஆனால் யாரும் அளந்து பார்ப்பதில்லை. சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி கட்டிய வட்ட மேடு 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், வளைவின் ஆரம் 17 மீட்டர். விர்டஸின் வீல்பேஸ், அதாவது முன், பின் அச்சுகளுக்கு நடுவிலான தூரம், 2,651 மி.மீ. இரண்டு அச்சும் அந்த மேட்டின் மேலேயே நிற்கும்போது வயிற்றின் நடுவே தேவைப்படும் இடம் வெறும் 5 செ.மீ.தான். 35 மி.மீ. தாழ்த்திய வண்டிகூடச் சிரித்துக்கொண்டே தாண்டிவிடும்.

நம் தெருக்களில் இருப்பது அந்த மேடு இல்லையே. ஊருக்குள் ஒரு விபத்து நடந்தால் மறுநாளே ஜல்லியும் தாரும் கொட்டி இரண்டடி அகலத்தில் ஒரு சுவர் எழுப்பிவிடுகிறார்கள். அது 15 செ.மீ. உயரம் என்றால், முன்சக்கரம் ஒருபுறமும் பின்சக்கரம் மறுபுறமும் தரையில் நிற்கும் நொடியில் வயிற்றுக்கு முழு 15 செ.மீ. வேண்டும். விர்டஸ் கம்பெனியிலிருந்து வருவது 179 மி.மீ. உயரத்தில். 35 குறைத்தால் 144. காலி வண்டியே உரசும், பின்னால் மூன்று பேரும் டிக்கியில் மூட்டையும் இருந்தால் கேட்கவே வேண்டாம். அடி வாங்குவது ஆயில் சேம்பரும் சைலன்ஸர் குழாயும்.

அதனால் கிட் தேர்வு செய்வதற்கு முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு நீங்கள் தினமும் தாண்டும் மேடுகளிலேயே மோசமானதை அளந்துவிடுங்கள், வீட்டு கேட் சரிவும் சேர்த்து. பிறகு நாலு பேரை உட்காரவைத்து வண்டியின் அடியில் மிகத் தாழ்ந்த இடத்தை அளங்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்கு உள்ள அனுமதி. வேலூரில் தினம் ஓட்டும் வண்டிக்கு 20, 25 மி.மீ.க்கு மேல் நான் சொல்லமாட்டேன்.

தாழ்த்தினால் வண்டி சாயாது என்ற நம்பிக்கை

பாதிதான் உண்மை. நம் ஊரில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றில் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண். சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் தரைக்கு ஏறக்குறைய இணையாகவோ, சக்கரப் பக்கம் சற்றுத் தாழ்ந்தோ நிற்கும். வண்டியை இறக்கும்போது அதன் சக்கர முனை மேலே தூக்கிக்கொள்ளும். அப்போது ரோல் சென்டர் என்கிற, உடல் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் எடை மையம் இறங்கியதைவிட அதிகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் நடுவிலான தூரம் கூடுவதால் சாய்க்கும் நெம்புகோல் நீளும். கூட்டிய ஸ்பிரிங் கடினத்தின் ஒரு பகுதி இதைச் சமாளிப்பதற்கே செலவாகும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் மாறுவதால், மேடுபள்ளத்தில் ஸ்டியரிங் தானாக இப்படி அப்படி இழுக்கும். லோயர் ஆர்மின் சக்கர முனையில், நீளமான கழுத்துள்ள பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) போட்டால் இது திருந்தும், எல்லா மாடலுக்கும் அது கிடைப்பதில்லை.

உங்கள் குறையே வண்டி சாய்வதுதான் என்றால் தாழ்த்தவே வேண்டாம், தடித்த ஆன்டி-ரோல் பார் (இடது, வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) ஒன்று போட்டுப் பாருங்கள். கம்பியின் கடினம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 20 மி.மீ. திடக் கம்பியை 22 ஆக்கினால் கிட்டத்தட்ட 46 சதவீதம் கடினம், ஸ்பீடு பிரேக்கர் கவலை இல்லாமல். பின்பக்கம் மட்டும் போடுகிறவர்கள் முதல் மழையில் கொஞ்சம் நிதானமாக ஓட்டிப் பழகட்டும், வால் முன்பைவிடச் சுலபமாக விலகும்.

உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்டான காயில்ஓவர் மேல் உள்ள மோகம் தனிக் கதை. இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போய் ஓட்டுகிறவர், உயரத்தையும் ஷாக்கையும் மாற்றி மாற்றிப் பார்க்கப் பொறுமை உள்ளவர், வருடா வருடம் பிரித்துச் சுத்தம் செய்கிறவர் வாங்கலாம். மற்றவர்களிடம் அது ஒரே உயரத்தில், புழுதி ஏறி, மரை இறுகிப்போய்க் கிடக்கும். விலை மலிவான செட்டில் ஸ்பிரிங் தட்டைத் திருகித்தான் உயரம் மாற்ற முடியும். ரொம்ப இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து ஆடும், டிராவலும் குறையும். அடிக்குழாயைத் தனியாகத் திருகி நீளம் மாற்றும் வகையில் டிராவல் அப்படியே இருக்கும். வாங்கினால் அந்த வகையை வாங்குங்கள். மே மாதம் நாற்பது டிகிரிக்கு மேல் கொதிக்கும் ஊரில், சூட்டில் எண்ணெய் இளகுவதும் நுரைப்பதும் குறைவாக உள்ள கேஸ் அழுத்த மோனோட்யூப் (ஒற்றைக் குழாய்) ஷாக்குக்குக் கூடுதல் பணம் தரலாம்.

பட்டறையில்

சாமான் சரியாக வாங்கி, மாட்டும்போது கெடுப்பதும் உண்டு. லிஃப்டில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போதே லோயர் ஆர்ம் போல்ட்டை முழுக்க இறுக்கிவிடுவார்கள். அந்த போல்ட் போகும் இணைப்பில் உள்ள ரப்பர் புஷ் தன் உள்குழாயோடு ஒட்டியது. எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுதான் அதற்கு ஓய்வு நிலை. வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், சில மாதத்தில் கிழிந்துவிடும். ஆர்முக்கு அடியில் ஜாக் கொடுத்து வண்டி நிற்கும் உயரத்துக்குத் தூக்கிய பிறகு இறுக்கச் சொல்லுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்றால் கூடவே நின்று பாருங்கள். பழைய ஸ்ட்ரட் மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் ஆகியவற்றைத் திரும்பப் போட விடாதீர்கள். இன்னொரு முறை பிரிக்கும் கூலியைவிட அவை மலிவு. பம்ப் ஸ்டாப்பை வெட்டச் சொல்லி கிட் தாளில் இருந்தால் மட்டும், சொன்ன அளவுக்கு மட்டும் வெட்டலாம்.

அலைன்மென்ட்டை, அதாவது சக்கரக் கோணங்களைச் சரிசெய்வதை, அன்றைக்கே ஒருமுறை, ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு, அதாவது சில நூறு கிலோமீட்டர் கழித்து, மறுபடி ஒருமுறை செய்ய வேண்டும். டயர் உள்பக்கம் தேய்ந்தால் எல்லோரும் கேம்பரைத் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாயும் கோணம்) திட்டுகிறார்கள், முக்கியக் குற்றவாளி டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்). ஒரு சக்கரம் கால் டிகிரி விலகி நின்றால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நான்கு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தேய்கிறது. வேலூரிலிருந்து சென்னை போய்ச் சேர்வதற்குள் அது அறுநூறு மீட்டர். ஹெட்லைட் கோணத்தையும் அப்போதே சரிபார்த்துவிடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்காமல் விட்டால் கிளெய்ம் நேரத்தில் அவர்கள் கையில் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

கழற்றிய ஸ்பிரிங், ஷாக்கைப் பட்டறையிலேயே பழைய இரும்புக்கு விட்டுவிடாதீர்கள். விற்கும்போதும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகும்போதும் அவை வேண்டும். இடது, வலது என்று பெயின்ட்டில் குறித்து, ஷாக்கை நிமிர்த்தி நிற்கவைத்துப் பரணில் வையுங்கள்.